மனநல அவசரப் பிரிவின் ஒரு நாள் - நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



நெஞ்சுவலி என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று நம் வீட்டுச் சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் வீட்டில் ஒருவர் இரண்டு நாளாகத் தூங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாலோ எங்கே அழைத்துப் போவது, போனால் அங்கே என்ன செய்வார்கள் என்பது படித்தவர்களுக்கும் தெரிவதில்லை. தெரியாததால் பயம் வருகிறது. பயத்தால் தாமதம் வருகிறது. சொந்த ஊரை விட்டு வந்து, அக்கம்பக்கத்தாரின் மொழி வேறாக இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தத் தாமதம் இன்னும் அதிகம்.

நான் டாக்டர் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது நாக்பூரில் ஒரு மருத்துவமனையின் மனநல அவசரப் பிரிவில் வாரத்தில் சில நாட்கள், தமிழ் பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகவும், பதிவேடுகளைச் சரிபார்க்கும் தொண்டனாகவும் இருந்து வருகிறேன். எந்த நோயாளியைப் பற்றியும் இங்கே எழுதப் போவதில்லை, எழுதவும் கூடாது. அந்த இடம் எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. பொறுப்பு ஒப்படைப்பு

காலை 8, பிற்பகல் 2, இரவு 8 என்று நர்சுகள் மூன்று முறை மாறுகிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் டைரியில் கையெழுத்திட்டுப் பொறுப்பை ஒப்படைப்பதைப் போல இங்கேயும் ஒப்படைப்பு உண்டு. ஒவ்வொரு நோயாளி பற்றியும் ஐந்து விவரங்கள் சொல்லப்பட வேண்டும்: எப்போது வந்தார், எதனால் வந்தார்; இப்போது ஆபத்து எந்த அளவு; கடைசியாகக் கொடுத்த மருந்தும் அடுத்த வேளையும்; பாக்கி நிற்கும் பரிசோதனைகள்; உடன் இருப்பவர் யார். அதன் பிறகு சாவிகள், பூட்டி வைத்த மருந்துகள், கத்தரிக்கோல், ஊசி எல்லாம் எண்ணிப் பார்க்கப்படும். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை தேடுவார்கள். இதை வெறும் சடங்கு என்று நினைக்கக் கூடாது. விடுபட்ட ஒரு வாக்கியம் அடுத்த சில மணி நேரத்தில் ஓர் உயிரைப் பறித்துவிடலாம்.

2. முதல் பத்து நிமிடம்: உடலா, மனமா?

நோயாளி உள்ளே வந்தவுடன் மனதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முதலில் நாடி, இரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு, ஆக்சிஜன் அளவு, விரலில் குத்தி சர்க்கரை. காரணம் எளிது. உடல் நோய்கள் பல மனநோய் வேடத்தில் வரும். சர்க்கரை குறைந்தவர் வெறி பிடித்தவர்போல நடப்பார். தலையில் அடிபட்டவர், மூளைக்காய்ச்சல் கண்டவர், இரத்தத்தில் சோடியம் குறைந்த முதியவர் எல்லோரும் குழம்பிப் பேசுவார்கள். நேற்றுவரை தெளிவாக இருந்த பாட்டி இன்று திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால், முதலில் உடம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் ஊரிலிருந்து இரண்டு நாள் ரயிலில் குடிக்காமல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடியை நிறுத்திய முதல் சில நாட்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத பூச்சிகள் கண்ணில் தெரிவது, இடம் காலம் தெரியாத குழப்பம் ஆகியவை வரலாம். இதைப் 'பேய் பிடித்தது' என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை இது.

3. கண்காணிப்பு

பரிசோதனை முடிந்ததும் ஆபத்தின் அளவை மூன்றாகப் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் ஓர் ஆள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். மஞ்சள் என்றால் 15 நிமிடத்துக்குள் ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். அதுவும் கடிகாரம் பார்த்து ஒரே நேரத்தில் அல்ல, முன்பின்னாக. பச்சை என்றால் மணிக்கு ஒரு முறை. சிக்னலில் ஒரு கம்பி அறுந்தால் விளக்கு தானாகச் சிவப்புக்குப் போகும்படி அமைப்போம். இங்கும் அதே நியாயம்தான்: சந்தேகம் வந்தால் ஒரு படி மேலே, சிவப்பை நோக்கி. தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கும் கீமேன், நேற்று சரியாக இருந்தது என்பதற்காக இன்று வீட்டில் உட்காருவதில்லை அல்லவா?

அறையின் அமைப்பும் கண்காணிப்பில் ஒரு பகுதி. கதவு இரு பக்கமும் திறக்கும். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. கண்ணாடி உடையாத வகை. கனம் தாங்கும் கொக்கியோ கம்பியோ எங்கும் இருக்காது. வார்டு சிறை மாதிரி இருக்கிறதே என்று உறவினர்கள் வருந்துவதுண்டு. அத்தனையும் உயிர்காக்கும் ஏற்பாடு.

4. பேச்சு முதலில், மருந்து பிறகு, கட்டுவது கடைசியில்

ஒருவர் ஆவேசமாக இருக்கும்போது ஒரே ஒருவர்தான் பேச வேண்டும். இரண்டு கை நீளத் தூரம், தாழ்ந்த குரல், சின்னச் சின்ன வாக்கியம். வெளியே போகும் வழியை மறித்து நிற்கக் கூடாது. பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடுவார்கள். அடங்காவிட்டால் மாத்திரையை முதலில் கேட்டுக் கொடுப்பார்கள். மறுத்தால், ஆபத்து இருந்தால் மட்டுமே ஊசி. ஊசிக்குப் பிறகு மூச்சும் அழுத்தமும் அடிக்கடி அளந்து எழுதப்படும்.

கை கால்களைக் கட்டுவது கடைசி வழி. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதி, காரணம், கட்டிய விதம், நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கட்டக் கூடாது. சங்கிலியால் பிணைப்பது எந்த வடிவிலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அந்தத் தடை எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

5. மொழி

என் வேலை இங்கேதான் வருகிறது. "நான் எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்று தமிழில் ஒருவர் சொல்கிறார். உடன் வந்த உறவினர் வெட்கத்தாலோ பாசத்தாலோ, "சரியாகத் தூக்கம் இல்லையாம்" என்று இந்தியில் மாற்றிச் சொல்லிவிடுகிறார். டாக்டர் தூக்க மாத்திரை எழுதுகிறார். சொன்னதும் எழுதியதும் வேறு வேறு நோய்! ஆகவே மொழிபெயர்ப்பவர் சுருக்கக் கூடாது, மெருகு போடக் கூடாது, அறிவுரை சேர்க்கக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். சிகிச்சை பற்றிய விவரங்களைத் தமக்குப் புரியும் மொழியில் பெறுவது நோயாளியின் உரிமை என்று மேற்சொன்ன சட்டமே கூறுகிறது. ஆகவே 'தமிழ் தெரிந்தவர் வேண்டும்' என்று கேட்கத் தயங்காதீர்கள்.

"சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்களே அதிகம். கேட்டவுடன் கண்ணீர் வரும்; பிறகு பேச்சு வரும்.

6. வீட்டுக்கு அனுப்புதல்

டிஸ்சார்ஜ் ஆனதும் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணுவது தவறு. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். ஆகவே நோயாளியுடன் உட்கார்ந்து ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டம் எழுதுவார்கள்: மனம் சரிவதற்கு முன் வரும் அறிகுறிகள், அப்போது தானே செய்யக்கூடியவை, பேசக்கூடிய இருவர், அழைக்க வேண்டிய எண்கள். மாத்திரைகளைச் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்து, வீட்டில் ஒருவர் பூட்டி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டைவிட்டே அகற்றச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு தொலைபேசி விசாரிப்பு. அந்த விசாரிப்புப் பதிவேட்டில் காலியான கட்டம் இருக்கக் கூடாது என்பதைப் பார்ப்பதும் என் வேலை.

7. போலீஸ் பயம்

தற்கொலைக்கு முயன்றவரைக் கொண்டுபோனால் ஜெயிலில் போடுவார்களோ என்ற பயத்தில் வீட்டிலேயே மறைத்து வைப்பவர்கள் இன்றும் உண்டு. மேற்கண்ட சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகலாம். அதற்காகப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மேலும், 94-ஆம் பிரிவின்படி அவசர சிகிச்சையை எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அளிக்கலாம். மனநல நிபுணர் இல்லையே என்று வாசலிலிருந்து திரும்ப வேண்டாம்.

8. இன்றே செய்யக்கூடியவை

அ) 14416 என்ற எண்ணை வீட்டில் எல்லோர் கைப்பேசியிலும் பதிந்துகொள்ளுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை இது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 112.

ஆ) அருகில் எந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவு இரவிலும் இயங்குகிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். நள்ளிரவில் விசாரிப்பது கடினம்.

இ) சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, பழைய நோய்கள் இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அழைத்துப் போகும்போது மாத்திரை அட்டைகளையும் கொண்டு போங்கள்.

ஈ) வயது வந்த எவரும் தமக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அமர்த்திக்கொள்ளலாம். பெற்றோர் ஊரிலும் பிள்ளை இங்கேயுமாக இருக்கும் குடும்பங்களுக்கு இது மிகவும் பயன்படும்.

நம் சங்கத்தில் தமிழுடன் இந்தியோ மராத்தியோ நன்கு பேசுபவர்கள் ஏராளம். மாதம் இரண்டு இரவு ஒதுக்கத் தயாராக பத்துப் பேர் கிடைத்தால், எந்த ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தாலும் தமிழில் கேட்க ஒரு காது இருக்கும். விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பழக்கிவிடும் பொறுப்பு என்னுடையது.