பாதத்தில் ஒரு வரைபடம்: ரிஃப்ளெக்ஸாலஜி அறிமுகம்

தெப்ராவ் பக்கம் பேரங்காடிகளிலும் கடை வரிசைகளிலும் பாதத்தின் படம் ஒட்டிய கடைகளைப் பார்த்திருப்பீங்க. கால்விரல்களில் தலை, நடுப்பாதத்தில் வயிறு, உள்விளிம்பில் முதுகெலும்பு என்று வண்ணம் வண்ணமாகப் பிரித்திருக்கும். பூங்காக்களில் கூழாங்கல் பதித்த நடைபாதை போடுவதும் இதே எண்ணத்தில்தான்.

இதை முழுக்க சீன வைத்தியம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இன்றைய வரைபடம் பிறந்தது அமெரிக்காவில். வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் உடலைத் தலை முதல் கால் வரை 10 நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்தார். 1917இல் அது நூலாக வந்தது. 1930களில் யூனிஸ் இங்கம் என்ற அம்மையார் அதைப் பாதத்துக்குக் கொண்டு வந்தார். ஆசியாவில் பரப்பியவர்களில் முக்கியமானவர், தைவானில் பணியாற்றிய சுவிஸ் பாதிரியார் ஜோசப் யூக்ஸ்டர்.

சரி, பலன் உண்டா? நாள் முழுக்க தொழிற்சாலையில் நின்று, பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வருபவருக்கு அரை மணி நேரம் காலைப் பிடித்து விட்டால் சுகமாகத்தான் இருக்கும். மனம் இளகும், தூக்கமும் வரலாம். அதற்கு மேல் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பிடாதீங்க. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த எட்ஸார்ட் எர்ன்ஸ்ட், எந்த நோய்க்கும் இது பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2009இலும் 2011இலும் எழுதினார். ஒரு புள்ளியை அழுத்தும்போது வலித்தால் "உங்க கிட்னி வீக்" என்பார்கள். அழுத்தினால் வலிக்கத்தானே செய்யும்! சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கணும்.

துணைச் சிகிச்சை என்றால் மருந்தோடு சேர்ந்து வருவது. மருந்தை நிறுத்திவிட்டுச் செய்வது அல்ல.

நம் வீடுகளில் இனிப்புநீர் உள்ள பெரியவர்கள் அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே இன்னும் கூடுதல். நாள்பட்ட இனிப்புநீர் கால் நரம்பைக் கெடுத்து உணர்வைக் குறைக்கும். சுடுநீர் சுட்டாலும் தெரியாது, மரக்குச்சி கீறினாலும் தெரியாது. சின்னப் புண் ஆறாமல் அழுகி, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும். அப்பா அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போகுமுன் மருத்துவரைக் கேளுங்க. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அமுக்கவே கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், நேரே மருத்துவமனைதான். கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேட்கணும்.

தடை எதுவும் இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். முதலில் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளிலும் குதிகால் வெடிப்பிலும் புண் இருக்கிறதா என்று பாருங்க. பிறகு கொஞ்சம் எண்ணெய் தொட்டு, கட்டைவிரலைப் புழு ஊர்வதுபோல மடக்கி நீட்டி, குதிகாலிலிருந்து விரல்கள் வரை மெல்ல நகர்த்துங்க. ஒரு காலுக்குப் பத்து நிமிடம் போதும். வலிக்குதுன்னு சொன்னா அழுத்தத்தைக் குறைச்சிடுங்க. முடிந்ததும் எண்ணெயைத் துடைத்துவிட மறக்காதீங்க, சிமெண்டுத் தரையில் வழுக்கும்.