வெறும் பாட்டு டீச்சர்

மாயவரம்,
ஞாயிற்றுக்கிழமை

பாப்பா,

நீ போனில் அனுப்பியதை நாலு தடவை படித்தேன். அதில் பதில் தட்ட எனக்கு வராது என்று உனக்கே தெரியும். அதனால்தான் இந்தக் கடிதாசு.

ஸ்கூல் வேலையை விட்டுவிட்டு முழுக்கக் கச்சேரியில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கடுத்த வரி? ‘இல்லாவிட்டால் வெறும் பாட்டு டீச்சராகவே போய்விடுவேன்.’ 31 வருஷம் அதே வேலையைப் பார்த்தவளிடமா இந்த ‘வெறும்’? உன் அப்பா கல்யாணத்தில், ‘பாட்டு டீச்சர்தானே, நலங்குக்கு ரெண்டு பாட்டுப் பாடட்டும்’ என்று ஒருத்தர் சொன்னாரே, அந்தத் ‘தானே’வுக்கு இது கூடப் பிறந்தது. அவர் யார் என்று எழுத மாட்டேன். பாடி முடித்துவிட்டு வந்தால் பந்தியும் முடிந்திருந்தது. போகட்டும்.

பாடகி டி. பிருந்தா, அந்தப் பிருந்தாம்மா கதையைச் சின்ன வயதில் உனக்குச் சொல்வேன், பாதியில் தூங்கிவிடுவாய். இப்போது முழுசாகக் கேள். 1912-ல் பிறந்தவர், வீணை தனம்மாளின் பேத்தி. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டி வாசிப்பதைக் கேட்க வித்வான்கள் வந்து உட்காருவார்கள். அந்த வீட்டுப் பாட்டு ஓடாது. சவுக்க காலத்தில் ஒரு பதத்தை எடுத்தால் ராகம் முழுக்க அதற்குள்ளேயே கிடைத்துவிடும். அம்மா காமாட்சியிடம் பாடம். பிறகு தங்கை முக்தாவோடு காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடம் சிட்சை. அவரோ லயத்தில் புலி. ஒரு பக்கம் அசையாத நிதானம், இன்னொரு பக்கம் கணக்கு. இரண்டும் ஒரே தொண்டையில் இறங்கின.

கூட்டத்தை இழுக்கிற பாட்டு அல்ல அது. ஆனால் செம்மங்குடி, பிருந்தாம்மாவைவிட நாலு வயது மூத்தவர், 1947-லேயே சங்கீத கலாநிதி, அவரே பதங்களை இவரிடம் பாடம் கேட்டுக்கொண்டார். ராம்நாட் கிருஷ்ணனும் அப்படித்தான். பேர் பெற்ற வித்வான்கள் போய் உட்கார்ந்தது யார் எதிரே? ஒரு பாட்டு டீச்சர் எதிரே. சென்னையில் சங்கீதக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார், கடல் கடந்து சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் போய்ச் சொல்லிக்கொடுத்தார். மியூசிக் அகாடமி அவரைச் சங்கீத கலாநிதி ஆக்கியது 1976-ல். அப்போது 64 வயது.

க்ஷேத்ரக்ஞர் பதங்களில் உள்ள பிடிகளை ஸ்வரம் போட்டுத் தாளில் எழுதினால் எலும்புதான் மிஞ்சும். எதிரே உட்கார்ந்து, வாயிலிருந்து வாய்க்கு வாங்க வேண்டும். பிருந்தாம்மா கொடுக்காமல் இருந்திருந்தால், 1996-ல் அவரோடு எவ்வளவோ போயிருக்கும்.

முடிவு உன்னுடையது. நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. கச்சேரி என்றால் மத்தியானம் ஒரு மணி ஸ்லாட், எதிரே பதினேழு பேர், அதில் ஆறு பேர் கேண்டீனுக்காகக் காத்திருப்பவர்கள். வேண்டுமென்றால் செய். வீட்டு வாடகை எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. உன் அம்மா கேட்கச் சொன்னாள். ராத்திரி சாப்பிடுகிறாயா? போன வாரம் போனில் குரல் கம்மியிருந்தது. தூக்கமில்லையோ?

ஒன்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அந்த நாலாம் வகுப்புப் பையன் அலங்காரம் மூன்று காலமும் தப்பில்லாமல் சொல்லிவிட்டான் என்று போன ஆடி மாசம் என்னிடம் இருபது நிமிஷம் பேசினாய். எந்தக் கச்சேரியைப் பற்றியும் நீ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

சரி, ரொம்பப் பேசிவிட்டேன். கோபப்படாதே கண்ணு. நீ பாடின தோடி மாதிரி நம் வீட்டில் யாரும் பாடினதில்லை, உன் தாத்தா உட்பட. கச்சேரிதான் என்று நீ முடிவு செய்தால், இந்த முழங்காலை இழுத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்காருவேன், அந்தப் பதினேழு பேரில் ஒருத்தியாக. உன் பாட்டியின் தம்புராவுக்குப் புதுத் தந்தி போட்டாயிற்று. அது உனக்குத்தான், எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள். சுக்கும் அதிமதுரமும் இடித்து அனுப்புகிறேன். ராத்திரி பாலில் போட்டுக் குடி. கூட வடாம் இரண்டு பொட்டலம் இருக்கும். ஒன்று உனக்கு. இன்னொன்றை அந்தப் பையனிடம் கொடுத்துவிடு.

உன்
அத்தை