பேருருவ நாய்க்கு அளவான உணவு

நாய் இனங்களுள் முழு வளர்ச்சி பெற்றபின் 45 கிலோவுக்கு மேல் எடை கொள்பவற்றைப் பேருருவ இனங்கள் என்று பொதுவாகக் கூறுவர். செயின்ட் பெர்னார்ட், கிரேட் டேன், மாஸ்டிஃப், நியூஃபவுண்ட்லாந்து ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டு ராஜபாளையம் நாயும் உயரமானதுதான்; ஆயினும் அது வேட்டைக்கென அமைந்த மெல்லிய உடல் கொண்டது. மேற்சொன்ன இனங்களோ கனத்த எலும்பும், அகன்ற மார்பும், பெருத்த தலையும் உடையவை.

இத்தகைய நாய்க்கு எவ்வளவு உணவு தரவேண்டும் என்று கேட்டால், "வயிறு கொண்ட மட்டும்" என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். வளரும் பிள்ளை நன்றாக உண்ணவேண்டும் என்பது நம் வீடுகளின் வழக்கம் அன்றோ! ஆனால் பேருருவ நாய்க்கு, அதிலும் அது குட்டிப் பருவம் கடந்து முழுவளர்ச்சியை நெருங்கும் காலத்தில், இவ்விடை பொருந்தாது. அதன் காரணத்தைச் செயின்ட் பெர்னார்ட் இனத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

பனிமலையில் பிறந்த இனம்

ஸ்விட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் ஆல்ப்ஸ் மலைக் கணவாய் ஒன்று, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில் உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து என்னும் குரு அங்கே வழிப்போக்கர்களுக்காக ஒரு விடுதியை நிறுவினார். இவரை 1923ஆம் ஆண்டில் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அவ்விடுதித் துறவியர் 17ஆம் நூற்றாண்டு முதல் வளர்த்த நாய்களே இன்று செயின்ட் பெர்னார்ட் என்று பெயர் பெற்றுள்ளன. காவலுக்கென வந்த நாய்கள், காலப்போக்கில் பனியில் வழி தவறியோரைத் தேடும் பணியிலும் துணை நின்றன.

இவற்றுள் புகழ் மிக்கது பாரி. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த இந்த நாய், நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் காத்ததாகச் சொல்வர். அதன் பாடம் செய்யப்பட்ட உடலை இன்றும் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காணலாம். படங்களில் இந்நாய்களின் கழுத்தில் தொங்கும் சிறு பீப்பாய் மட்டும் உண்மையன்று. லாண்ட்சீர் என்னும் ஆங்கில ஓவியர் 1820ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியத்தினால் அது உலகெங்கும் பரவிவிட்டது.

நம் பாடத்துக்கு வேண்டிய செய்தி ஒன்று இங்கே உள்ளது. பாரியின் எடை 40 முதல் 45 கிலோவே இருந்திருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். இன்றைய ஆண் செயின்ட் பெர்னார்ட்டின் எடையோ 64 முதல் 82 கிலோ. பனியில் உழைத்த நாயைவிட வீட்டில் வாழும் நாய் இத்தனை கனமாக இருப்பது மனிதனின் தேர்வினால் விளைந்தது. உடலைப் பெரிதாக்கியவர்கள் நாமாகையால், அவ்வுடல் தாங்கும்படி உணவிடும் பொறுப்பும் நம்முடையதே.

நீண்ட வளர்ச்சிக் காலம்

சிறிய இன நாய்கள் எட்டு முதல் பன்னிரண்டு மாதங்களில் வளர்ந்து முடிந்துவிடும். பேருருவ இனங்களுக்கு 18 முதல் 24 மாதங்கள் தேவை. மனிதக் குழந்தை பிறந்தது முதல் பெரியவராகும் வரை ஏறத்தாழ இருபது மடங்கு எடை கூடுகிறது. செயின்ட் பெர்னார்ட் குட்டியோ இரண்டே ஆண்டுகளுக்குள் நூறு மடங்கு கூடுகிறது!

ஓராண்டு நிறைந்த செயின்ட் பெர்னார்ட்டைப் பார்ப்பவர்கள் அது முழுதும் வளர்ந்த நாய் என்றே எண்ணுவர். உயரம் ஏறக்குறைய வந்துவிட்டது; உள்ளே எலும்புகளின் வேலை இன்னும் முடியவில்லை. நீண்ட எலும்புகளின் முனைகளில் மெல்லிய குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அவ்விடத்தில்தான். வளர்ச்சி முடியும்போதுதான் அது கெட்டி எலும்பாக மாறும். அதுவரை அது மென்மையானது; மிகுந்த பாரத்தைத் தாங்காது. கட்டடத்தின் சுவர் காயுமுன் மேல்தளம் போட்டால் என்னாகும்? எலும்பு முதிருமுன் உடலில் கொழுப்பு ஏறுவதும் அத்தகையதே.

ஆராய்ச்சிகள் காட்டிய உண்மை

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து வெளியிட்டனர். ஒரு பிரிவுக்கு விரும்பிய மட்டும் உணவு வைத்தனர். மற்றொரு பிரிவுக்கு அளவு குறைத்துத் தந்தனர். விரும்பிய மட்டும் உண்டவை விரைந்து வளர்ந்தன. ஆனால் எலும்பிலும் மூட்டிலும் கோளாறுகள் கண்டவையும் அவையே.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. "எலும்பு பெரிது, ஆகவே கால்சியம் அதிகம் வேண்டும்" என்று கருதி மாத்திரையும் மருந்தும் சேர்த்துக் கொடுப்போர் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. வழக்கமான அளவைப்போல் மும்மடங்கு கால்சியம் உண்ட கிரேட் டேன் குட்டிகளின் எலும்பு வளர்ச்சி சீர்கெட்டது. தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தை உள்ளே விடாமல் தடுக்கும் திறன் இளங்குட்டியின் குடலுக்கு இல்லை. எவ்வளவு தந்தாலும் அதில் பெரும்பகுதி உடலுக்குள் சென்றுவிடும். எனவே நிறைசத்துள்ள நாயுணவு உண்ணும் குட்டிக்குக் கால்சியமோ வைட்டமின் 'டி'யோ தனியே சேர்க்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இறைச்சியும் சோறும் மட்டும் தந்தால் கால்சியம் மிகக் குறைந்து, பாஸ்பரஸ் மிஞ்சிவிடும். அதனாலும் எலும்பு மெலியும். வீட்டிலேயே சமைத்துத் தர விரும்புவோர், கால்நடை மருத்துவரைக் கலந்து, எதில் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு செய்வதே முறை. புரதம் அதிகமானால் எலும்பு கெடும் என்ற எண்ணமும் பலரிடம் இருந்தது. 1991ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் உட்ரெக்ட் ஆய்வு அதற்கு ஆதாரம் இல்லை எனக் காட்டியது. கேடு செய்வன மிகுந்த கலோரியும் அளவு தவறிய கால்சியமுமே.

ஒரு சிறு கணக்கு

மாணவியர் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். நாய் ஓய்வாக இருக்கையில் ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரியைக் காண ஒரு வழி உண்டு. கிலோவில் எடையின் வர்க்கமூலத்தைக் காண்க. அவ்விடையின் வர்க்கமூலத்தையும் காண்க. இரண்டையும் பெருக்கி, 70ஆல் மீண்டும் பெருக்குக.

நான்கு கிலோ எடையுள்ள சிறிய நாய்க்கு: 2 × 1.414 × 70 = 198 கலோரி.
அறுபத்து நான்கு கிலோ செயின்ட் பெர்னார்ட்டுக்கு: 8 × 2.828 × 70 = 1,584 கலோரி.

எடை பதினாறு மடங்கு. தேவையோ எட்டே மடங்கு! உடல் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு கிலோவுக்கும் தேவைப்படும் உணவு குறைகிறது என்பதை இக்கணக்கு தெளிவாக்குகிறது.

இனி, வளரும் நாயையும் வளர்ந்த நாயையும் ஒப்பிடுவோம். நான்கு மாதம் கடந்து வளர்ந்துவரும் நாய்க்கு ஓய்வுத் தேவையைப்போல் ஏறத்தாழ 2 மடங்கு வேண்டும். கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த வீட்டு நாய்க்கு 1.6 மடங்கு போதும். ஓராண்டு வயதில் 55 கிலோ எடையுள்ள நாய்க்கு, இக்கணக்குப்படி, ஏறத்தாழ 2,830 கலோரி. அதே நாய் வளர்ச்சி முடிந்து 64 கிலோவை அடைந்தபின் ஏறத்தாழ 2,530 கலோரி. கிலோவுக்கு 3,500 கலோரி உள்ள உலர் உணவு என்றால், முன்னதற்கு நாளொன்றுக்கு 810 கிராம். பின்னதற்கு 720 கிராம். நாய் பெரிதாகிவிட்டது, உணவோ குறையவேண்டும்!

தவறு நேர்வது இங்கேதான். "இன்னும் பெரிதாகிவிட்டதே" என்று கிண்ணத்தில் கூட்டிப் போடுகிறோம். வளர்ச்சிக்குச் செலவாகாத அவ்வுணவு கொழுப்பாகிறது. செயின்ட் பெர்னார்ட் இடுப்பு மூட்டுக் கோளாறு அடிக்கடி காணும் இனம். அக்குறை பரம்பரையாக வருவதாயினும், அதிக எடை அதனை மோசமாக்கும். எழுந்து நிற்கவே வலியால் முனகும் நாயின் துன்பத்தை அது வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

கணக்கின் விடை ஒரு தொடக்கமே. வேலை, வயது, தட்பவெப்பம் ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொரு நாய்க்கும் தேவை மாறும். கண்ணும் கையும் பார்த்து அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கையால் அறியும் சோதனை

செயின்ட் பெர்னார்ட்டின் அடர்ந்த மயிர் கண்ணை ஏமாற்றும், கையை ஏமாற்றாது. உங்கள் இடக்கையை விரித்து, அதன் புறங்கையில் விரல் எலும்புகளை மற்றக் கையால் தடவிப் பாருங்கள். நாயின் விலா எலும்புகள் அவ்வாறு தென்பட்டால் உடல் சரியான நிலையில் உள்ளது. கையை இறுக மூடிக் கணுக்களைத் தடவினால் மேடு பள்ளம் தெரியும். விலா அவ்வாறு இருந்தால் நாய் மெலிந்துள்ளது. உள்ளங்கையைத் தடவுவதுபோல் எலும்பே தென்படாவிட்டால் நாய் பருத்துள்ளது. மேலிருந்து நோக்கினால் இடை சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இச்சோதனை செய்து, உணவைச் சிறிது கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

மெலிந்த உடலின் பயன் எவ்வளவு என்பதை 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாக்கி, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்குக் கால் பங்கு குறைவாக உணவிட்டு, அவற்றின் வாழ்நாள் முழுதும் கவனித்தனர். நிறைய உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், அளவாக உண்டவற்றுக்கு 13 ஆண்டுகள். மூட்டு நோயும் பின்னவற்றுக்குத் தாமதித்தே வந்தது. லாப்ரடார் பேருருவ இனம் அன்று. ஆயினும் எட்டு முதல் பத்து ஆண்டுகளே வாழும் செயின்ட் பெர்னார்ட்டை வளர்ப்போர் இப்பாடத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

உணவை மாற்றும் முறை

பேருருவ இனக் குட்டிகளுக்கெனச் செய்யப்பட்ட உணவில் கால்சியமும் கலோரியும் வரையறுக்கப்பட்டிருக்கும். அதனை 18 முதல் 24 மாதம் வரை தந்து, வளர்ச்சி முடிந்ததை மருத்துவர் உறுதி செய்தபின் வளர்ந்த நாய் உணவுக்கு மாறலாம். மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். முதல் சில நாட்கள் கால் பங்கு புதியது, பின்னர் அரைப் பங்கு, அடுத்து முக்கால் பங்கு என ஏழு முதல் பத்து நாட்களில் மாற்றுவது நலம். உணவைக் கண்ணளவாகப் போடாமல் தராசில் நிறுத்துப் போடவேண்டும். பயிற்சியின்போது தரும் தின்பண்டமும் அன்றைய கணக்கில் சேரும்.

வயிறு முறுக்கும் ஆபத்து

அகன்று ஆழ்ந்த மார்புடைய பேருருவ நாய்களுக்கு ஒரு பெரும் ஆபத்து உண்டு. வயிறு காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். வேகமாக விழுங்குதல், நாளுக்கு ஒரே வேளையில் மிகுதியாக உண்ணுதல், நெருங்கிய இரத்த உறவு நாய்க்கு இந்நோய் வந்திருத்தல் ஆகியவை ஆபத்தைக் கூட்டுவதாகக் கண்டனர். உயரமான பலகையில் கிண்ணம் வைப்பது நல்லது என்று முன்பு எண்ணியிருந்தனர். இவ்வாய்வு அதற்கு மாறான முடிவையே தந்தது.

ஆகவே வளர்ந்த நாய்க்கும் உணவை இரண்டு வேளையாகப் பிரித்துத் தருக. உண்டவுடன் ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். வயிறு உப்புதல், வாந்தி வராமலே குமட்டுதல், எச்சில் வடித்தல், நிலைகொள்ளாமல் அலைதல் ஆகியவற்றைக் கண்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் கழிக்காமல் அக்கணமே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை எந்த நாய்க்கும் நஞ்சு. சமைத்த எலும்பு முள்போல் உடைந்து குடலைக் கிழிக்கும். விருந்து நாளில் இலையில் மிஞ்சியதை நாய்க்குப் போடும் வழக்கத்தை இவ்விடத்தில் விட்டுவிடுவதே நன்று.

நினைவிற் கொள்க

1. ஓராண்டு நிறைந்த பேருருவ நாய் உருவத்தில் பெரியது. எலும்பில் இன்னும் குட்டியே.
2. விரைந்த வளர்ச்சி நன்றன்று. மெதுவாக வளர்ந்த நாயும் தன் முழு உயரத்தை அடையும்.
3. நிறைசத்துள்ள உணவோடு கால்சியம் சேர்க்க வேண்டாம்.
4. வளர்ச்சி முடிகையில் உணவின் அளவு குறையவேண்டும்.
5. நிறுத்துப் போடுக, விலாவைத் தொட்டுப் பார்க்க, இரு வேளையாகப் பிரித்துத் தருக.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்னும் பழமொழியை நாம் சிறு வயதிலேயே கற்றோம். கிண்ணத்தை நக்கி முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று நம் முகத்தைப் பார்க்கும் அந்தப் பெரிய கண்களுக்கு முன்னால் அதனைக் கடைப்பிடிப்பது எளிதன்று. எனினும் அந்த ஒரு பிடியைக் குறைப்பவரே, அந்நாய் வலியின்றி நடந்து வருவதைப் பல ஆண்டுகள் காணும் பேறு பெறுவர்.