தேயிலை ஸ்டோரும் சலனப்படமும்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைப்பாதையில் ஏறுவோர், 1925ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் காண்பர். 2001 முதல் அது தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. ஆங்கு ஓய்ந்து நிற்கும் பழைய மெசின்களின் வேலைப்பாட்டை நாம் வியக்கின்றோம். அக்காலத் தொழிற்சாலைகளில் ஓர் எஞ்சின் நெடிய இரும்புத் தண்டொன்றைச் சுழற்ற, அதிலிருந்து இறங்கிய தோல்வார்களே மெசின்களை ஓட்டின. அவ்வார்களின் நடுவே மனிதர் நடமாடினர் என்பதை எண்ணுவோர் சிலரே.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், மெசின்களின் அபாயமான பாகங்களுக்குக் காப்புவேலி இடுதல் வேண்டுமென விதித்தது. எச்சரிக்கைப் பலகைகளும் சுவரில் ஏறின. ஆயின், "இயந்திரம் இயங்குங்கால் துப்புரவு செய்தலாகாது" என்பது போன்ற வாசகம் யாருக்கு விளங்கும்? (இக்கட்டுரையையும் அத்தமிழிலேயே எழுதுகின்றோம், கற்றார் பொறுத்தருள்க.) "மெசின் ஓடும்போது கை வைக்காதே" என்றெழுதினும், எழுத்தறியாதார்க்கு அது வெறுஞ் சுவரே.

இக்குறையைத் தீர்க்க வல்லது வீடியோப் படம். கொழுந்து உருட்டும் மெசினில் இலை அடைத்துக்கொண்டால், உடனே கையை நீட்டித் தள்ளுதல் மனித இயல்பு. இன்று மெசினுக்கு மெசின் தனி மோட்டார் உண்டு. மின்வெட்டில் எல்லாம் ஓய்ந்திருக்கும் வேளையிற் சுவிட்சை அணையாது கைவைத்தால், மின்சாரம் மீண்ட கணத்தில் மெசின் ஓடத் தொடங்கலாம். சுவிட்சை அணைத்தல், சக்கரம் முற்றும் நிற்கும்வரை காத்தல், பின்னரே இலையை எடுத்தல் என்னும் முறையை இரண்டு நிமிடப் படம் கண்முன் நிறுத்தும். ஸ்டோரின் பேரிரைச்சலிற் பேச்சுக் கேளாது. ஆகவே ஒலியின்றியும் விளங்கும் படமே வேண்டும். ஒரு படத்தில் ஒரு வேலை போதும். கண்டபின், டீமேக்கர் முன்னிலையில் தொழிலாளி அதனைத் தாமே செய்து காட்டல் வேண்டும். செய்து காட்டாத பாடம் பாதிப் பாடம்.

இனி ஓர் ஐயம். 1911இல் நியூயோர்க்கில் ஆடைத் தொழிற்சாலை ஒன்று தீப்பற்ற, 146 பேர் மாண்டனர். வெளியேறுங் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. மறு ஆண்டு, அமெரிக்க உற்பத்தியாளர் சங்கத்தாரின் ஒத்துழைப்புடன் எடிசன் கம்பனியார் தொழிற்சாலைத் தீயைப் பற்றி ஒரு சலனப்படம் எடுத்தனர். வழி அடைபட்டிருந்தமைக்கு முதலாளியையும் அது குறைகூறிற்று. எனினும், தீக்குக் காரணம் ஒரு தொழிலாளியின் புகைப்பழக்கமே என்று காட்டிற்று. படம் பழியை இடம்மாற்றவும் வல்லது என்பதை இதனால் அறிகின்றோம். காப்புவேலி கழன்று கிடக்கும் மெசினருகே படங்காட்டிவிட்டு, பின்னர்க் கையிழந்தவரை நோக்கி "படம் பார்த்தாயன்றோ?" என வினவுதல் நீதியாகாது.

ஆகவே, படம்பிடிக்கச் செல்லும் பழைய மாணவர் முதலில் வேலிகளைச் சுற்றிப் பார்த்தல் நலம். செலவு பெரிதன்று, கைத்தொலைபேசியே போதும். நடிகரைத் தேடவும் வேண்டா; அந்த ஸ்டோரிலேயே நெடுங்காலம் உருட்டு மெசினில் நின்றவர் தம் கையாற் செய்து காட்ட, தோட்டத்துத் தமிழிலும் சிங்களத்திலும் இரு சொற் சேர்த்தால் அமையும்.