முகவரிப் பதிவு வழக்கை ஆராயும் முறை: அமெரிக்கச் சட்டத்தை முன்வைத்து

பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று விடுதலையானவர் தாம் குடியிருக்கும் முகவரியையும், அதில் நேரும் மாற்றத்தையும் உரிய அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற கடமை அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் உண்டு. இக்கடமையை மீறியதாக வரும் வழக்குகளில் ஒருவர் வீடு மாறினாரா என்பதில் பெரும்பாலும் தகராறு எழுவதில்லை. எவரிடம், எந்த நாளுக்குள், எந்த ஊரில் அதைத் தெரிவிக்கும்படி சட்டம் கட்டளையிட்டது என்பதைப் பொறுத்தே தீர்ப்பு அமைகிறது. ஆகவே, இத்தகைய வழக்கை ஆராயும் சட்ட மாணவரும் இளம் வழக்கறிஞரும் பின்வரும் வரிசையில் செல்வது நல்லது.

முதலாவதாக, மீறப்பட்டதாகச் சொல்லப்படுவது எந்தச் சட்டம் என்பதை உறுதி செய்ய வேண்டும். மாநிலச் சட்டங்களோடு, 2006-ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் பதிவுச் சட்டமும் நடப்பில் உள்ளது. குடியிருப்போ வேலையோ மாறினால் 3 வேலை நாட்களுக்குள் நேரில் தெரிவிக்க வேண்டும் என்றும், குற்றத்தின் வகையைப் பொறுத்து இக்கடமை 15 ஆண்டுகள், 25 ஆண்டுகள் அல்லது ஆயுள் முழுவதும் நீடிக்கும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. மீறலுக்கு 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆயினும், மாநிலச் சட்டத்தின்படி மட்டுமே தண்டிக்கப்பட்ட ஒருவர் மாநில எல்லையைக் கடந்து பயணம் செய்ததாக மெய்ப்பிக்காவிடில், பொதுவாக அவர்மீது இந்தக் கூட்டாட்சிக் குற்றம் நிலைக்காது.

இரண்டாவதாக, காலவரிசை ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும்: தண்டனை பெற்ற நாள், சட்டம் நடப்புக்கு வந்த நாள், இடம் மாறிய நாள், பதிவுக்குரிய கடைசி நாள். சட்டம் வருவதற்கு முன்பே மாநிலம் விட்டு மாநிலம் சென்றவரை அப்பயணத்தைக் காட்டித் தண்டிக்க இயலாது என்று 2010-இல் கார் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியதற்கு நாட்களின் இந்த வரிசையே அடிப்படையாக இருந்தது.

மூன்றாவது படி, சட்டப் பிரிவின் வினைச்சொற்களைக் காலம் உட்படக் கூர்ந்து வாசிப்பதாகும். பொறுமையை மிகுதியும் வேண்டும் படியும், பலன் மிகுதியும் தரும் படியும் இதுவே. கேன்சஸ் மாநிலத்தில் பதிவு செய்திருந்த ஒருவர் 2012-இல் எவருக்கும் சொல்லாமல் பிலிப்பைன்ஸ் சென்று குடியேறியதால் எழுந்தது நிக்கல்ஸ் வழக்கு. சட்டம் ஒருவர் ‘வசிக்கும்’ ஆட்சி எல்லையிலேயே பதிவைக் கோருகிறது. புறப்பட்டுச் சென்றபின் அவர் கேன்சஸில் வசிப்பவராக இல்லை, அயல்நாடோ இச்சட்டம் கூறும் ஆட்சி எல்லைக்குள் அடங்காது. எனவே அவர் கேன்சஸ் பதிவைத் திருத்தக் கூட்டாட்சிச் சட்டம் கட்டளையிடவில்லை என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அவரது செயல் கேன்சஸ் மாநிலச் சட்டத்தை மீறியதே என்பதையும் நீதிமன்றம் சுட்டியது. அயல்நாட்டுப் பயண விவரத்தைத் தெரிவிக்காமையைக் குற்றமாக்கும் புதிய சட்டமும் அதே ஆண்டில் வந்துவிட்டது. இத்தீர்ப்பை இன்றைய வழக்கொன்றில் எடுத்துக்காட்டுவோர் இவ்விரண்டையும் மறைக்கலாகாது.

நான்காவதாக, குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் கடமையை அறிந்திருந்தாரா என்று ஆராய வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து நாட்களுக்கு மேல் தங்கும் முன்னாள் குற்றவாளி பதிவு செய்ய வேண்டும் என்ற நகர விதியை அறியாத, அறிய வாய்ப்பும் இருந்ததாகக் காட்டப்படாத ஒரு பெண்ணைத் தண்டித்தது உரிய சட்ட நடைமுறைக்கு, அதாவது அரசு ஒருவரைத் தண்டிக்குமுன் காக்க வேண்டிய நியாய வரம்புக்கு, முரண் என்று 1957-இல் லாம்பர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே சிறையிலிருந்து வெளிவரும்போது கையொப்பமிட்ட அறிவிப்புப் படிவம் உண்டா, அது அவர் அறிந்த மொழியில் விளக்கப்பட்டதா என்பவற்றை முதலிலேயே கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்து, கடமையை நிறைவேற்றுவது இயலக்கூடியதாக இருந்ததா என்ற கேள்வி வருகிறது. வீடற்றவரிடம் தெரு முகவரி கேட்டு, அது இல்லாததற்காக அவரைச் சிறைக்கு அனுப்புவது கொடிது. ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 2008-இல், தெரு முகவரி இல்லாத வீடற்றவர் எவ்வாறு பதிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாத அம்மாநில விதி, அத்தகையோரைப் பொறுத்தவரை அரசமைப்புக்கு ஒவ்வாத அளவு தெளிவற்றது என்று முடிவு செய்தது. கூட்டாட்சிச் சட்டத்திலும், தம் கட்டுப்பாட்டை மீறிய சூழல் தடுத்தது, அச்சூழலைப் பொறுப்பின்றித் தாமே உருவாக்கவில்லை, தடை நீங்கியதும் பதிவு செய்தோம் என்று மூன்றையும் மெய்ப்பித்தால் எதிர்வாதம் உண்டு. மருத்துவமனை ஆவணம், தங்குமிடச் சான்று, அலுவலகத்துக்குச் சென்ற நாளின் ரசீது ஆகியவை இங்கு உதவும்.

அரசமைப்பு வாதத்தைக் கடைசியில் வைப்பதே நலம். பதிவுச் சட்டம் தண்டனையன்று, குடிமுறை ஒழுங்கே என்று 2003-இல் ஸ்மித் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதால், குற்றம் நடந்தபின் வந்த விதியைப் பழைய குற்றவாளிமீது சுமத்தலாகாது என்ற வாதம் அங்கு தோற்றது. எனினும் மிச்சிகனில் பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் குடியிருப்பு முதலியவற்றைத் தடுத்த பிற்காலத் திருத்தங்கள் தண்டனையே என்று 2016-இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. ஸ்மித் வழக்கு பிறந்த அலாஸ்காவிலேயே, மாநில உச்ச நீதிமன்றம் 2008-இல் தன் மாநில அரசமைப்பின்படி அச்சட்டத்தை முந்தைய குற்றங்களுக்குப் பொருத்த மறுத்தது. ஆதலால் கூட்டாட்சி அரசமைப்பின் வழி அடைபட்டபோதும், மாநில அரசமைப்பின் தனிப் பாதுகாப்பைத் தேடிப் பார்த்தபின்னரே மனுவை இறுதி செய்ய வேண்டும்.