தாயைப் போலப் பிள்ளை – எலும்பிலும் அப்படியா?

லூக்கா நற்செய்தியில், 18 ஆண்டுகளாக நிமிர முடியாமல் கூனியிருந்த ஒரு பெண்ணை நம் ஆண்டவர் குணமாக்கிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அவளைப் போலவே முதுகு வளைந்து, தரையைப் பார்த்தபடி நடக்கும் மூதாட்டியரை இன்றும் நம் தெருவிலும் கோயில் முற்றத்திலும் காண்கிறோம். "வயதானால் கூன் விழத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறோம். அந்தக் கூனுக்குப் பின்னால் பல சமயம் ஒரு நோய் மறைந்திருக்கிறது. அதற்கு எலும்புப்புரை என்று பெயர். மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். எலும்பு அடர்த்தி குறைந்து, உள்ளே துளைகள் பெருகி, சிறிய அதிர்ச்சிக்கும் முறியும் நிலையே இது.

மாதவிடாய் நின்ற பெண்களையே இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது. அப்படியானால் பள்ளி மாணவியராகிய உங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? தொடர்பு இரண்டு உண்டு. ஒன்று, எலும்பின் வலிமை ஓரளவு தாய் தந்தையரிடமிருந்து வருவது. மற்றொன்று, பாட்டி வயதில் வரும் நோயைத் தடுக்கும் வேலை உங்கள் வயதிலேயே தொடங்குகிறது.

எலும்பு உயிருள்ள பொருள்

எலும்பைக் கல்தூண் என்று எண்ணுவது தவறு. அது உயிருள்ள பொருள். பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் ஒருபுறமும், புதிய எலும்பைக் கட்டும் செல்கள் மறுபுறமும் ஓயாமல் வேலை செய்கின்றன. பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழுப்பும் கொத்தனார்களைப் போன்றவை அவை. இவ்வாறு ஏறத்தாழ 10 ஆண்டுகளில் எலும்புக்கூடு முழுவதும் புதுப்பிக்கப்பட்டு விடுகிறது.

இளமையில் இடிப்பதைவிடக் கட்டுவது அதிகம். ஒரு பெண்ணின் எலும்புச் சேமிப்பில் பத்தில் ஒன்பது பங்கு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதிலும் வேகமாக வளரும் இரண்டே ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு சேர்கிறது. பிறகு முப்பது வயது வரை சிறிது கூடும். அதற்கு மேல் மெல்லக் குறையும்.

எலும்பைக் கரைக்கும் செல்கள் வரம்பு மீறாமல் காப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன். மாதவிடாய் நிற்கும்போது அது வற்றிவிடுகிறது. அதன் பின் வரும் சில ஆண்டுகளில் எலும்பு இழப்பு மிக வேகமாக நடைபெறுகிறது. இவ்வுண்மையை 1940-இல் எடுத்துக்காட்டியவர் பாஸ்டன் நகர மருத்துவர் புல்லர் ஆல்பிரைட். மேலைநாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் பெரும்பாலும் 51 வயதளவில் நிற்க, இந்தியப் பெண்களுக்கு 46 வயதளவிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே இழப்பும் நமக்கு முன்னதாகவே தொடங்குகிறது.

இந்த இழப்பால் வலி தோன்றுவதில்லை. எலும்பு முறியும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. மணிக்கட்டும், முதுகெலும்பும், இடுப்பெலும்புமே பெரும்பாலும் முறிகின்றன. முதுகெலும்பின் கண்ணிகள் நசுங்குவதால்தான் உயரம் குறைந்து கூன் விழுகிறது. இடுப்பெலும்பு முறிவோ ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடும். முதியோருக்கு அது உயிராபத்தாகவும் முடியும்.

மெண்டலின் பட்டாணியும் நம் எலும்பும்

பாரம்பரியம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் கிரிகோர் மெண்டல். அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த இந்தக் கத்தோலிக்கத் துறவி, இன்றைய செக் நாட்டிலுள்ள புருனோ நகரத்தின் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். 1866-இல் அவர் முடிவுகள் அச்சேறின. நெட்டைச் செடியா, குட்டைச் செடியா என்பதை ஒரே ஒரு இணைக் காரணி முடிவு செய்வதை அவர் கண்டார். அக்காரணிகளையே இன்று ஜீன்கள் அல்லது மரபணுக்கள் என்கிறோம்.

பட்டாணியைப் போல எலும்பு வலிமைக்கும் ஒரே ஜீன்தான் காரணமா? அப்படித்தான் சிலர் நம்பினார்கள். 1994-இல் சிட்னி நகர ஆய்வாளர்கள் வைட்டமின் டி சத்தை ஏற்கும் ஒரு புரதத்தின் ஜீனை ஆராய்ந்தார்கள். எலும்பு அடர்த்தியில் பாரம்பரியத்தின் பங்கில் முக்கால் பகுதி வரை இந்த ஒரு ஜீனாலேயே விளைகிறது என்று அறிவித்தார்கள். உலகமே வியந்தது. ஆனால் 1997-இல் அதே குழுவினர், தம் சோதனையில் பிழை நேர்ந்தது என்றும், அந்த ஜீனின் பங்கு தாம் சொன்னதைவிடக் குறைவு என்றும் வெளிப்படையாகத் திருத்தம் வெளியிட்டார்கள். 2006-இல் மும்பையில் மாதவிடாய் நின்ற இந்தியப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்விலும் அந்த ஜீனுக்கும் எலும்பு அடர்த்திக்கும் தொடர்பு காணப்பட்டது. ஆயினும், அது பலவற்றுள் ஒன்று என்பதே இன்றைய முடிவு.

பலவற்றுள் என்றால் எத்தனை? 2018-இல் பிரிட்டனில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் ஜீன்களையும் குதிகால் எலும்பின் அடர்த்தியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எலும்பு அடர்த்தியோடு தொடர்புடைய 518 இடங்கள் நம் குரோமோசோம்களில் இருப்பது அப்போது தெரிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஊர் கூடித் தேர் இழுப்பது போல, பலவும் சேர்ந்தே பலன் தருகின்றன.

ஒரே ஜீனால் எலும்பு நொறுங்கும் அரிய நோய்களும் உண்டு. எல்ஆர்பி5 என்ற ஜீனின் இரு பிரதிகளும் பழுதுபட்ட குழந்தைக்குக் கண்பார்வை சிறு வயதிலேயே கெடும். எலும்புகளும் எளிதில் முறியும். தென்னாப்பிரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் இத்தகைய நோயை 1980-களில் மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். அதற்குக் காரணமான ஜீன் 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தகைய நோய், தாயும் தந்தையும் ஒரே பழுதைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு வரும். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் இதை மாணவியர் அறிந்திருத்தல் நல்லது.

இரட்டையர் சொன்ன செய்தி

சாதாரண எலும்புப்புரையில் பாரம்பரியத்தின் பங்கு எவ்வளவு? இதை அறிய அறிவியலார் இரட்டையரை நாடினார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு ஜீன்கள் அனைத்தும் ஒன்று. இரு கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கோ மற்ற உடன்பிறந்தாரைப் போலப் பாதியளவே ஒன்று. இவ்விரு வகையினரையும் ஒப்பிட்டால் பாரம்பரியத்தின் பங்கு புலப்படும். ஒருவருக்கொருவர் எலும்பு அடர்த்தியில் காணும் வேறுபாட்டில் 50 முதல் 85 சதவிகிதம் வரை பாரம்பரியத்தால் வருவது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மெல்போர்ன் நகர மருத்துவர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதற்குத் துணை நிற்கிறது. எலும்புப்புரையால் முதுகெலும்பு முறிந்த தாய்மாரின் புதல்வியருக்கு, இன்னும் மாதவிடாய் நிற்காத வயதிலேயே, மற்றப் பெண்களைவிட எலும்புச் சேமிப்பு குறைந்திருந்தது.

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்ற பழமொழி உண்மையாகிவிட்டதே என்று நீங்கள் கலங்கலாம். கலங்க வேண்டாம். எலும்பு மெலிவது வேறு, முறிவது வேறு. சுவீடன் நாட்டில் 33,000-க்கும் மேற்பட்ட இரட்டையரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2005-இல் முடிவு வெளியிட்டார்கள். 69 வயதுக்கு முன் நேரும் இடுப்பெலும்பு முறிவில் பாரம்பரியத்தின் பங்கு 68 சதவிகிதம். 69 முதல் 79 வயது வரை அது 47 சதவிகிதம். 79 வயதைக் கடந்த பின்னரோ வெறும் 3 சதவிகிதம்!

இதன் பொருள் என்ன? முதுமைக்கு முன்பே முறிவு நேர்ந்தால் அதில் குடும்பத்தின் கை உண்டு. தள்ளாத வயதில் நேரும் முறிவுக்குக் காரணம் பெரும்பாலும் வாழ்க்கைமுறையும் வீழ்ச்சியுமே. இவை நம்மால் மாற்றக் கூடியவை.

நம் மண்ணில் நிலைமை

இனி நம் பகுதிக்கு வருவோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள், அப்பகுதியில் நடமாட்டத்தோடு நலமாக இருந்த 150 பெண்களைப் பரிசோதித்தார்கள். அனைவரும் மாதவிடாய் நின்றவர்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வின்படி அவர்களில் பாதிப் பேருக்கு முதுகெலும்பிலோ இடுப்பிலோ எலும்புப்புரை இருந்தது. அவர்கள் உணவில் கால்சியமும் தேவையைவிடக் குறைவாகவே இருந்தது. திருப்பதியில் நடந்து 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களில் நூற்றுக்கு 82 பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. கால்சியத்தை உடல் ஏற்க உதவும் இச்சத்து, வெயில் படும்போது நம் தோலிலேயே உண்டாவது. வெயில் கொளுத்தும் ஊரில் வெயிலால் வரும் சத்துக்குப் பஞ்சம்!

நம் பெருங்குடியையே எண்ணிப் பாருங்கள். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த இவ்வூர், முன்பு வயலும் ஏரியுமாக இருந்தது. அக்காலத்துப் பெண்கள் வெயிலில் நாற்று நட்டார்கள், குடம் சுமந்தார்கள், எங்கும் நடந்தே போனார்கள். இன்று பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் காலையில் நுழையும் பேத்திகள், பொழுது சாய்ந்த பிறகே வெளியே வருகிறார்கள். பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் ஜீன்கள் மாறிவிடவில்லை. மாறியது உணவும் உழைப்பும் வெயிலுமே. பாரம்பரியத்தை மட்டும் குறை சொல்வது பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வீட்டில் கேட்டறியுங்கள். தாய்க்கோ தந்தைக்கோ, பாட்டிக்கோ சிறு வீழ்ச்சியில் இடுப்பெலும்பு முறிந்ததுண்டா? யாருக்காவது உயரம் குறைந்து வருகிறதா? அம்மாவுக்கு 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டதா? ஸ்டீராய்டு மாத்திரையை யாராவது நெடுநாள் உட்கொள்கிறார்களா? உலகெங்கும் மருத்துவர்கள் 2008 முதல் பயன்படுத்தும் பிராக்ஸ் என்னும் கணக்கீட்டு முறையிலும், பெற்றோரின் இடுப்பெலும்பு முறிந்ததுண்டா என்பது ஒரு கேள்வி. விடை "ஆம்" என்றால் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலியில்லாத டெக்சா ஸ்கேன் மூலம் எலும்பின் அடர்த்தியை அளந்து அறியலாம். நோய் இருந்தால் முறிவைத் தடுக்கும் மருந்துகளும் உள்ளன. அவற்றை மருத்துவர் சொற்படியே உட்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உங்கள் எலும்புச் சேமிப்பை இப்போதே நிரப்புங்கள். 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்தபடி, 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு 1200 மில்லிகிராம் தேவை. 100 கிராம் தீட்டிய அரிசியில் கிடைப்பது ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். அதே அளவு கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. இரண்டு தம்ளர் பாலும் 100 கிராம் கேழ்வரகும் சேர்ந்தால் 800-க்கு மேல் வந்துவிடும். எஞ்சியதை முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் தந்துவிடும். உடல் மெலிய வேண்டுமென்று பட்டினி கிடப்பதும், காலை உணவைத் தவிர்ப்பதும் எலும்பைத் திருடுவதாகும்.

மூன்றாவது, ஓடியாடி விளையாடுங்கள். எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பவே வலுவடைகிறது. கயிறு தாண்டுதலும் வலைப்பந்தும் கபடியும் வெறும் பொழுதுபோக்கு அல்ல. விளையாட்டு வகுப்பில் நிழல் தேடி ஒதுங்குவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நான்காவது, வீட்டு முதியோர் விழாமல் காத்துக்கொள்ளுங்கள். குளியலறைத் தரையில் சோப்பு நுரை தேங்கவிடாதீர்கள். இரவில் அவர்கள் நடக்கும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். வழுக்கும் கால்மிதியை அகற்றுங்கள். மாடிப்படியில் இறங்கும்போது கை கொடுங்கள். பாட்டியின் மூக்குக்கண்ணாடி பழுதாகியிருந்தால் அப்பாவிடம் நினைவூட்டுங்கள். தாய் தந்தையரை மதித்து நட என்னும் நான்காம் கட்டளையை நிறைவேற்ற இவையும் வழிகளே.

தாயிடமிருந்து நாம் பெற்ற ஜீன்களை நம்மால் மாற்ற இயலாது. அவற்றோடு எப்படி வாழ்வது என்பதோ நம் கையில் இருக்கிறது. அம்மாவின் முறிந்த மணிக்கட்டு மகளுக்கு விதிக்கப்பட்ட தீர்ப்பு அன்று. முன்கூட்டியே வந்த எச்சரிக்கை. அதைக் கேட்டு நடப்பவள், தானும் நிமிர்ந்து நடப்பாள், தன் தாயையும் நிமிர்ந்து நடக்கச் செய்வாள்.