‘பள்ளி’ என்னும் சொல்

திருவெம்பாவைக் காலத்தில் நாம் ஓதும் திருப்பள்ளியெழுச்சியில் ‘பள்ளி’ என்பது துயிலிடம். சுவாமியின் பள்ளியறையும் அதுவே. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துக் குகைக் கல்வெட்டில், 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே, சமணத் துறவியர் உறைவிடத்தைக் குறிக்க இச்சொல் வருகின்றது. கற்குமிடம் பள்ளிக்கூடமாயிற்று, முஸ்லிம்கள் தொழுமிடம் பள்ளிவாசல். மலையாளத்தில் ‘பள்ளி’ என்றால் கிறிஸ்தவ தேவாலயம் அல்லது பள்ளிவாசல். கன்னடத்தில் ‘ஹள்ளி’ கிராமம். சிங்களத்தில் ‘பல்லிய’ தேவாலயம்.

அடியேன் தென்னிலங்கையில் எழுதுவினைஞராகப் பணியாற்றிய நாளில், சிங்கள நண்பரொருவர் ஞாயிறு தோறும் ‘பல்லிய’ செல்வதாகக் கூறினார். விடுமுறையிலும் பாடசாலையா என வியந்தேன்! பின்னரே விளங்கியது.

இறைவன் துயிலிடமும், பிள்ளைகள் கற்குமிடமும், பிற சமயத்தார் தொழுமிடமும் ஒரே பெயர் தாங்கி நிற்கின்றன. அவற்றைக் கடக்கையில் எம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லி வைப்போமாக.